ஆதி ஞானதீபம்

வண்டியை எங்கம்மா நிறுத்தினீங்க? தெருமுனையிலயா? நல்ல வேளை. இன்னைக்கு இந்தத் தெருவுல சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது. எல்லாம் எதிர் வீட்டுக்கு வந்த கூட்டம். விஜயதசமின்னா இப்படித்தான். ஸ்கூலை மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னமும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்துடுறாங்க. உள்ள வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல உக்காந்தா நேரா அவ வீட்டு வாசல்தான் கண்ணுல படும். நீங்க இதுல உக்காருங்க. அதுல நான் உக்காந்துக்கறேன், எனக்குப் பழக்கம்.

பட்டுப்புடவையைப் பாத்துட்டு எங்கயோ கிளம்பிட்டேன்னு நினைச்சுடாதீங்க. வீட்டுலயே விசேஷம். என் பையன் மதிவாணன் பூனாவுலேர்ந்து குடும்பத்தோட வந்திருக்கான். பேத்தி மகிழினிக்கு மூணு வயசு. அங்க பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களோட ஆடி ஆடி ஹிந்திதான் வாயில வருது. அதுக்குத்தான் சொன்னேன், இங்க கூட்டிக்கிட்டு வாடா, விஜயதசமியன்னைக்கு நானே மடியில வச்சு அ போட வைக்கறேன்னு. தாம்பாளத்தைப் பாருங்க. பச்சரிசி பரப்பி, விரலி மஞ்சள் எடுத்து வச்சு, விடிஞ்சதுலேர்ந்து தயாரா இருக்கு. மூணு பேரும் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருக்காங்க. கோயில் என்ன, நாலு தெரு தள்ளித்தான். இப்ப வந்துடுவாங்க. அதுவரைக்கும் நீங்க கேளுங்க.

பொன்விழா மலருக்குத்தானே? நம்ம நகர்ப் பள்ளிக்கூடங்களோட வரலாறு. நல்ல காரியம். நீங்க ஃப்ளாட்டுக்குப் புதுசா வந்தவங்க, உங்களுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது. நான் பெருசா ஒண்ணும் கேக்கலை. அஞ்சுகம் நகரோட முதல் பள்ளிக்கூடத்தை ஆரம்பிச்சது யாருன்னு ஒரு வரி வரும் பாருங்க, அந்த ஒரு வரி சரியா வரணும். அவ்வளவுதான். என் படம்கூடப் போட வேண்டாம். போட்டா இந்தப் பக்கத்துலேர்ந்து எடுங்க.

அவளைப் பாத்தாச்சா? நேத்தே பாத்தாச்சா. முதல்ல அங்க, அப்புறம் இங்க. சரி, இருக்கட்டும். என்ன சொன்னா? சிரிச்சாளா? சிரிப்பா. சுண்டல் குடுத்தாளா? குடுத்திருப்பாளே. எல்லாம் டீச்சருக்குத்தான் தெரியும், அவங்களையே கேளுங்கன்னு சொல்லி அனுப்பிட்டாளாக்கும். பாத்தீங்களா சாமர்த்தியத்தை. வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதவ மாதிரி இருப்பா. இப்ப நான் உண்மையைச் சொன்னாலும் பொறாமையில சொல்றேன்னு ஆயிடும். அவ ஒண்ணும் சொல்லாமலே நல்லவ ஆயிட்டா. அவ பேரு பங்கஜவல்லி. எழுதிக்கோங்க, பேரை நான் மறைக்கப் போறதில்ல.

முதல்லேர்ந்து சொல்றேன். இங்க அப்ப வெறும் ப்ளாட்டுதான். கல்லு நட்டு கயிறு கட்டியிருப்பாங்க. நடுவுல ஒரு முப்பது வீடு இருந்தா அதிகம். பிள்ளைங்க படிக்கணும்னா ரயில்வே கேட்டைத் தாண்டி ஊருக்குள்ள போகணும். அங்க பஞ்சாயத்து யூனியன் பள்ளி இருந்தது, ரொம்பப் பழைய பள்ளி. அதை நீங்க கணக்குல சேக்காதீங்க. அது ஊர்ப் பள்ளிக்கூடம், நம்மது நகர். ஒருநாள் கேட்டுல கூட்ஸ் வண்டி நின்னுக்கிட்டிருந்தது. பிள்ளைங்க அடியில நுழைஞ்சு போவாங்க, தினம் போறதுதான். தபால்காரர் பொண்ணு நுழைஞ்சப்போ வண்டி நகர்ந்துடுச்சு. பொண்ணு தப்பிச்சுட்டா, புத்தகப் பை மாட்டிக்கிட்டு வண்டியோடயே போச்சு. அன்னைக்குச் சாயந்திரம் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், இனிமே இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க இந்தப் பக்கமே படிக்கட்டும்னு. நான் டீச்சர் ட்ரெயினிங் முடிச்சவ. அவ எஸ்.எஸ்.எல்.சி. அதுவும் பாஸா இல்லையான்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. நான் கேட்டதில்ல. கேட்டேன், அவ சொல்லலை.

பள்ளிக்கூடத்துக்கு ஞானதீபம் நர்சரின்னு நான்தான் பேரு வச்சேன். எங்க வீட்டுக் கார் ஷெட்டுல பள்ளிக்கூடம். கார் கிடையாது, ஷெட்டு இருந்தது. நோட்டீஸ் அடிச்சு வீடு வீடாப் போய்க் குடுத்தது நான். கரும்பலகைக்கு ஊமத்தை இலையும் கரியும் அரைச்சுப் பூசினது நான். விஜயதசமியன்னைக்கு ஆரம்பம்னு போட்டாச்சு. அதுக்கு முந்தின நாள் மத்தியானம் வந்தவாசியிலேர்ந்து தந்தி. எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா போயிட்டார்.

பங்காளித் தீட்டும்மா. மனுஷர் உயிரோட இருந்தப்போ எங்களுக்கு ஒரு மாம்பழம் குடுத்ததில்ல. போறதுக்கு அந்த நாளைப் பாத்து வச்சிருந்தாரு. தீட்டு வீட்டுல யாராவது பிள்ளைக்கு எழுத்து ஆரம்பிப்பாங்களா? நம்ம வீட்டுப் படியேறக்கூட மாட்டாங்க. தள்ளிப் போடவும் முடியாது, விட்டா அடுத்த விஜயதசமிதான். நான் யோசிச்சேன். எதிர் வீட்டுல புதுசாக் குடி வந்திருந்தவ பங்கஜவல்லி. பெரிய வராண்டா. மாவரைக்கறதும் கோலம் போடறதும் தவிர வேற வேலை கிடையாது. பாயையும் கரும்பலகையையும் அங்க தூக்கிக்கிட்டுப் போகச் சொல்லிட்டு, வாசலுக்கு வெளிய நின்னு அவகிட்ட சொன்னேன்:

"ஒரு நாளைக்கு மட்டும் நீ உக்காரு பங்கஜம். நீ அ மட்டும் போடு. ஆ-லேர்ந்து நான் பாத்துக்கறேன்."

இதே வார்த்தை. எனக்கு எதிரா நானே சொன்ன வார்த்தை. அவ என்ன சொன்னா தெரியுமா? எனக்குக் கை நடுங்குமே அக்கான்னா. அக்கான்னுதான் அப்பக் கூப்பிடுவா. நடுங்கினா நடுங்கட்டும், பிள்ளைங்க கையும்தான் நடுங்கும்னு நான்தான் தைரியம் சொன்னேன்.

நான் எங்க கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னு பாத்தேன். முதல் பிள்ளை குணசீலன். மில் சூப்பர்வைசர் பையன். மூணு வயசு தாண்டியும் அம்மான்னுகூட வாயைத் திறக்காத பையன். ரெண்டு மாசமா சாயந்திரம் சாயந்திரம் எங்க வீட்டுக்கு வருவான். நான் அவன் கையை என் தொண்டையில வச்சு அ அ-ன்னு சொல்லிக் காட்டிக்கிட்டே இருப்பேன். வாயையே பாத்துக்கிட்டு இருப்பான், சத்தம் வராது. அன்னைக்கு அவ மடியில உக்காந்தான். அவ கையைப் பிடிச்சு அரிசியில இழுத்தா. தெருவுக்கே கேக்கற மாதிரி அ-ன்னான்.

ரெண்டு மாசம் நான் உழுதேன். அவ ஒரு நிமிஷம் கையைப் பிடிச்சா. அவங்கம்மா அழுதுக்கிட்டே யார் கால்ல விழுந்தாங்க? அவ கால்ல. நான் இந்தப் பக்கம் தீட்டோட நிக்கறேன், யாரும் திரும்பிக்கூடப் பாக்கலை. அன்னைக்கே கைராசின்னு ஒரு வார்த்தை இந்த நகருக்குள்ள வந்துடுச்சு. கைராசி. டாக்டருக்குச் சொல்லலாம், கன்னுக்குட்டி வாங்கித் தர்ற தரகருக்குச் சொல்லலாம். எழுத்துக்கு ஏதும்மா கைராசி? எழுத்துங்கறது கண்ணும் காதும் பழகறது. ட்ரெயினிங்ல முதல் பாடமே அதுதான். கைராசின்னா அவ பெத்த பையன் ஏன் பத்தாவதுல ரெண்டு தடவை உக்காந்தான்? இதை எழுத வேண்டாம். பாவம், நல்ல பையன், இப்ப ஏ.சி. மெக்கானிக்கா இருக்கான், நம்ம வீட்டு மெஷினைக்கூட அவன்தான் பாக்கறான்.

தீட்டு கழிஞ்சதும் பாயைத் திருப்பிக் கொண்டு வரலாம்னு போனேன். பெத்தவங்க ஒத்துக்கலை. அங்க ஆரம்பிச்சது, அங்கயே இருக்கட்டும், இடத்தை மாத்தாதீங்க டீச்சர்னு ஒரே பிடி. சரின்னு விட்டேன். ஒரு வருஷம், என் பள்ளிக்கூடத்துக்கு நான் தெருவைத் தாண்டிப் போய்ப் பாடம் நடத்தினேன். ஆ, இ, ஈ எல்லாம் நான்தான். வாய்ப்பாடு நான்தான். மூக்கு சிந்தி விட்டது அவ.

அடுத்த விஜயதசமி வந்தது. எனக்குத் தீட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. இதே மாதிரி பட்டுப்புடவை கட்டிக்கிட்டு முதல் ஆளாப் போய்ப் பாயில உக்காந்தேன். அவ எழுந்து இடம் விட்டுட்டா, அதைச் சொல்லணும். தாம்பாளத்தை என் பக்கம் நகர்த்தினதும் அவதான். முதல் பிள்ளை வந்து என் மடியில உக்காந்தது. பொம்பளப் பிள்ளை, ரெட்டைப் பின்னல். கையைப் பிடிச்சுட்டேன், மஞ்சள் அரிசியில படப்போகுது. அவங்கம்மா குனிஞ்சாங்க.

"தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாங்க. என் மடியிலேர்ந்து பிள்ளையை அப்படியே தூக்கி அவ மடியில வச்சாங்க. பின்னாடி நின்னவங்க எல்லாரும் ஒரு அடி அந்தப் பக்கம் நகர்ந்தாங்க. அவ வேண்டாம்னு சொல்லலாமில்ல? அக்காவே போடட்டும்னு ஒரு வார்த்தை? என்னைப் பாத்தா. நான் அவளைப் பாக்கலை. கொஞ்ச நேரம் பாத்துட்டு, பிள்ளை அழ ஆரம்பிச்சதும் கையைப் பிடிச்சா.

மடி காலியா எவ்வளவு நேரம் உக்காந்திருக்க முடியும் சொல்லுங்க. எழுந்து வந்துட்டேன். அடுத்த வாரம் எங்க ஷெட்டுல புதுசா ஆரம்பிச்சேன். ஞானதீபம் போர்டு அங்க மாட்டியிருந்தது. அதைக் கழட்டிக் குடுன்னு கேக்க எனக்கு மானம் இடம் குடுக்கலை. ஆனா பேரு என்னுது. அதனால ஆதி ஞானதீபம்னு வச்சேன். எங்க வீட்டுக்காரர் சிரிச்சாரு, அல்வாக் கடை மாதிரி இருக்கே, பழமையானது, வேறு கிளைகள் கிடையாதுன்னும் எழுதிடலாமான்னு கேட்டாரு. அவருக்கு எதுலயும் விளையாட்டு.

அதனால உங்க கேள்விக்குப் பதில், முதல் பள்ளிக்கூடம் ஆதி ஞானதீபம். பேருலயே இருக்கு பாருங்க.

இல்ல, இல்ல, அது ரெண்டாவதா ஆரம்பிச்சதுன்னு எப்படிச் சொல்றீங்க? முதல்ல ஆரம்பிச்சதும் நான்தானே. அந்த முதல் நாளையும் என் கணக்குலதான் வைக்கணும். அன்னைக்கு அ போட்டது அவ... சரி. அதை அப்புறம் பேசுவோம்.

அவ பள்ளிக்கூடம் வளர்ந்துச்சு. அதுக்கென்ன, ஊரே வளர்ந்துச்சு. முதல்ல ஓலைக் கொட்டகை, வடக்குப் பக்கம் நாலு மூங்கில் ஊணினாங்க. அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ். எம்பத்தாறுல மாடி. அந்த மாடிக்குக் கான்கிரீட் போட்ட அன்னைக்கு மழை, சாக்கு போட்டு மூடினாங்க. யூனிஃபார்ம் முதல்ல நீலமும் வெள்ளையும், அப்புறம் மெரூன் கட்டம். மெரூன் போட்ட வருஷம்தான் இங்கிலீஷ் மீடியமும் வந்தது. முதல் வேன் வந்தது ஒரு ஜூன் மாசம், மஞ்சள் கலர், இடது பக்கக் கதவு சரியா மூடாது, கயிறு போட்டுக் கட்டியிருப்பாங்க. ஆண்டு விழாவுக்கு அவ கட்டின புடவை ஒவ்வொண்ணும் எனக்குச் சொல்ல முடியும். மாம்பழக் கலர்ல ஒண்ணு வச்சிருந்தா, அது அவளுக்கு எடுக்கலை. யாரும் சொல்ல மாட்டாங்க.

எங்க பள்ளிக்கூடமா? நடந்துச்சு. நல்லாத்தான் நடந்துச்சு. வேன் வாங்கினோம். எப்பவா? அவ வாங்கினதுக்கு அடுத்து. மாடி? மாடி எடுத்தது, அவ எடுத்தாளே, அதுக்குப் பின்னாடிதான். யூனிஃபார்ம் என்ன கலர்னு கேட்டா... மெரூன் இல்ல. மெரூன் தவிர வேற ஏதோ. பச்சையோ என்னமோ. எதுக்கு இப்ப அதெல்லாம்.

அவகிட்டப் படிச்ச பிள்ளைங்கள்ல பாதி நாலாவது அஞ்சாவதுல எங்கிட்ட வந்துடும், கணக்கு வரலைன்னு. நான் சரி பண்ணி அனுப்புவேன். அதுக்கப்புறம் பைபாஸ் பக்கம் அந்தப் பெரிய பள்ளிக்கூடம் வந்தது. குதிரையேத்தம் எல்லாம் சொல்லித் தர்றாங்களாம், குதிரை நின்னு நான் பாத்ததில்ல. எங்க ரெண்டு பேர் பிள்ளைங்களையும் பஸ் வந்து அள்ளிக்கிட்டுப் போயிடுச்சு. முதல்ல அவ மூடினா. நான் இன்னும் ஒரு வருஷம் நடத்திக் காட்டிட்டுத்தான் மூடினேன். கடைசி வருஷம் எத்தனை பிள்ளைங்கன்னு கேக்காதீங்க.

இப்பவும் விஜயதசமியன்னைக்குப் பாருங்க. பள்ளிக்கூடமே கிடையாது, கை மட்டும் இருக்கு. முட்டி வலியில தரையில உக்கார முடியலை, நாற்காலியில உக்காந்து பண்றா. பிள்ளை எழுதி முடிச்சதும் அந்த அரிசியிலேர்ந்து ஒரு பிடி எடுத்து அதோட பாக்கெட்டுல போட்டு விடுவா, வீட்டுல பாயசத்துல சேருங்கன்னு. ஆரம்பத்துலேர்ந்தே அது அவ வழக்கம். அதுலதான் எங்க வீட்டுக்காரர் மாட்டினாரு.

அதைச் சொல்லலையே நான். இவன் மதிவாணனுக்கு நான்தான் அ போட வச்சேன், இதே கூடத்துல, என் மடியில. மறுநாள் துணி தோய்க்கறேன், அவன் டிராயர் பாக்கெட்டுலேர்ந்து மஞ்சள் அரிசி கொட்டுது. எனக்குக் கை ஓடலை. கேட்டா, அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஒரு நம்பிக்கைக்குத்தாம்மா, நீ போடறதுக்கு முன்னாடியே காலையில ஒரு எட்டு கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்தேன்னாரு. என் வீட்டுக்குள்ளயே. என் பிள்ளைக்கே. நான் ஒரு மாசம் பேசலை. அவர்கிட்ட இல்ல, அவகிட்ட. அவர்கிட்டப் பேசாம இருந்தா சமையலுக்குச் சாமான் யாரு வாங்கித் தர்றது.

இவன் மாநிலத்துலயே பேர் சொல்ற மாதிரி மார்க் வாங்கினப்போ என்ன சொன்னாங்க தெரியுமா? பங்கஜம்மா கைம்மா, சும்மாவான்னாங்க. ராத்திரியெல்லாம் முழிச்சு உக்காந்து சொல்லிக் குடுத்தவ நான். பொறாமைன்னு நினைக்கறீங்களா? சரி, பொறாமைதான். வச்சுக்கோங்க. உள்ள எரியத்தான் செய்யுது, இத்தனை வருஷமா அணையலை. உங்க மடியிலேர்ந்து ஒரு பிள்ளையைத் தூக்கியிருந்தா உங்களுக்கும் தெரியும்.

இதோ கேட்டு சத்தம். வந்துட்டாங்க போல.

வாடா மதி. இவங்க மலருக்காக வந்திருக்காங்க. ஏன் இவ்வளவு நேரம்? கோயில்ல கூட்டமா? நீ ஏன் அங்க நின்னு செருப்பையே பாத்துக்கிட்டிருக்கே? மகி, வா கண்ணு, பாட்டிகிட்ட வா. அழகா கவுன் போட்டிருக்கே. பாக்கெட் வச்ச கவுனா. பாக்கெட்டுல என்ன, உப்பலா...

அரிசி.

மருமகளே, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒரு நம்பிக்கைக்கு. தெரியும். நான் இங்க வாசலைப் பாத்துக்கிட்டேதானே உக்காந்திருக்கேன், என் கண்ணுல படாம எப்படிப் போனீங்க? பின்பக்கச் சந்து வழியாவா. உங்கப்பன் போன அதே வழிடா.

என்ன கண்ணு? அந்தப் பாட்டி சொன்னாங்களா? என்ன சொன்னாங்க? மெதுவா, தமிழ்ல சொல்லு. என்னது, மறுபடி சொல்லு.

அ நான் போட்டுட்டேன், ஆ-லேர்ந்து டீச்சர் பாத்துக்குவாங்க.

கேட்டீங்களாம்மா? கேட்டீங்களா? என் வார்த்தை. வாசலுக்கு வெளிய நின்னு நான் சொன்ன வார்த்தையை இத்தனை வருஷம் பத்திரமா வச்சிருந்து, என் பேத்தி வாயிலயே எனக்குத் திருப்பி அனுப்பறா. எவ்வளவு கொழுப்பு இருக்கணும். இல்ல, நான் அழலை. காலையிலேர்ந்து காபி குடிக்கலை, அதான்.

மகி, வா. மடியில உக்காரு. ஏ, ஏ, அவசரப்படாத, தாம்பாளம் சாயும். என்ன பண்றே? அ போட்டுக் காட்டறியா? நான் கேக்கவே இல்லையே. போடறா பாருங்க, யாரும் கையைப் பிடிக்காமலே. அந்தச் சுழியைப் பாருங்க, பெருசா, குடம் மாதிரி. அது அவ போடற சுழி. இந்த நகர்ல பாதிப் பேர் அப்படித்தான் போடுவாங்க, எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும். என் பையன் கையெழுத்துலகூட இருக்கு.

அழிக்காத. இருக்கட்டும். இப்ப விரலைக் குடு பாட்டிகிட்ட. இந்தக் கோடு முடியுதில்ல, இங்கேர்ந்து கீழ இறக்கணும். பயப்படாத, பாட்டி கைதான் நடுங்குது. இறக்கு, அப்படியே ஒரு வளைசல், உள்ள சுத்திக்கோ. அவ்வளவுதான். வாயைத் திறந்து சொல்லு. ஆ.

ஆஹா, எவ்வளவு பலமா சொல்றா. கொஞ்சம் அந்த ஜன்னலை நல்லாத் திறந்து வைடா மதி. இன்னொரு தடவை சொல்லு கண்ணு.

நீங்க வந்து பாருங்கம்மா. படம் வேணும்னா எடுங்க, தாம்பாளத்தையும் சேத்து எடுங்க. இதுல அ எங்கயாவது தெரியுதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. தெரியலை இல்ல? இது ஆ. இது நான் போட்டது. எழுதிக்கோங்க.